கோட்டை மானின் உதிர்ந்த கொம்பு

திருகோணமலை நகரத்தில் புள்ளிமான் பார்க்க யாரும் காட்டுக்குப் போவதில்லை. பிரெட்றிக் கோட்டையின் வாசலைக் கடந்து கோணேஸ்வரக் கோயிலுக்கு ஏறும் தெருவோரம், மர நிழலில், அசைபோட்டபடி அவை படுத்துக் கிடக்கும். பொழுது சாய்ந்தால் கோட்டையை விட்டு இறங்கி டச்சுக் குடாக் கரையிலும் மைதானத்திலும் பேருந்து நிலையப் பக்கத்திலும் மேயும். வாழைப்பழத்தோல் ஒன்றை நீட்டினால் கைக்கெட்டும் தூரம் வரை வரும். வேறு ஊர்களில் மனிதரைக் கண்டதும் பாய்ந்து மறையும் ஒரு விலங்கு, இங்கே முச்சக்கர வண்டிக்கும் வழிவிடாமல் தெரு நடுவே நிற்கிறது.

இந்தக் கூட்டத்துக் கலைமான்கள், அதாவது ஆண் மான்கள், ஆண்டுக்கொருமுறை தம் கொம்புகளை உதிர்க்கின்றன. காலைப் பூசைக்கு ஏறுகிற ஒருவர் புல்லுக்குள் ஒரு கொம்பைக் காணலாம். படைவீரர்களின் குடியிருப்புக்குப் பின்னால் ஒன்று கிடக்கலாம். நகரத்துக்குள், யாரோ ஒருவருடைய வளவில், கிணற்றடியில், வேலிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுந்திருக்கலாம். கண்டதும் கை நீளும். அழகான பொருள் அது. யாரும் கொல்லவில்லை, வெட்டவில்லை. மான் தானாக விட்டுப் போனது. எடுத்தால் என்ன பிழை என்று கேட்பவர் நேர்மையாகத்தான் கேட்கிறார். அவருக்குச் சட்டத்தின் இலக்கத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடக் கூடாது.

முதலில் கொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டின் கொம்பு வாழ்நாள் முழுவதும் தலையோடிருப்பது. மானின் கொம்பு முழுக்க எலும்பு. ஒவ்வொரு முறையும் புதிதாக முளைப்பது. வளரும் மாதங்களில் மென்மயிர் படர்ந்த தோல் அதைப் போர்த்தியிருக்கும். தோலுக்குள் இரத்தக் குழாய்கள் ஓடும். தொட்டால் சூடு தெரியும். இத்தனை எலும்பை இத்தனை வேகமாக ஆக்குவதற்கு மேய்ச்சலில் கிடைக்கும் சுண்ணாம்புச் சத்துப் போதாமல், மான் தன் விலா எலும்பிலிருந்தும் கடன் வாங்குகிறது. வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரியும். கலைமான் மரங்களிலும் புதர்களிலும் தேய்த்து அதைக் கழற்றிவிடும். பின்னர் ஆண் சுரப்பு இரத்தத்தில் குறையத் தொடங்கும்போது, மண்டையோட்டோடு கொம்பு பொருந்தும் இடத்து எலும்பு கரைந்து பிடி தளர்கிறது. ஒன்று விழுந்தால், மற்றதும் பெரும்பாலும் சில நாட்களுக்குள் விழுந்துவிடும்.

குளிர்நாட்டு மான்களுக்கு இது பருவத்தோடு நடக்கும் காரியம். புள்ளிமானுக்கு அப்படியொரு கண்டிப்பான மாதம் இல்லை. ஒரே கூட்டத்தில் முழுக் கொம்போடு ஒன்று, மென்தோல் கொம்போடு ஒன்று, மொட்டைத் தலையோடு ஒன்று என்று அடுத்தடுத்து நிற்பதைக் கோட்டையில் பார்க்கலாம். ஆகவே இங்கே கொம்பு பொறுக்குவதற்குக் காலம் என்று ஒன்று கிடையாது. தேடுபவர் வருடம் முழுவதும் தேடலாம். மான்களுக்கும் வருடம் முழுவதும் ஓய்வு இல்லை என்று ஆகிவிடலாம்.

இனி எல்லைகள். திருகோணமலையைப் போல ஒரு சிறு நிலத்தில் இத்தனை எல்லைகள் குறுக்கிடும் ஊர் இலங்கையில் அரிது. போர்த்துக்கேயர் 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, 1624இல் அதே முனையில் கோட்டை கட்டினார்கள். 1639இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. 1795இல் ஆங்கிலேயரிடம் வந்தது. 1803இல் யோர்க் கோமகனைக் கௌரவித்துப் பிரெட்றிக் என்ற பெயரைப் பெற்றது. இன்று அதே முனையில் இராணுவ முகாம் இருக்கிறது, தொல்லியல் சின்னங்கள் இருக்கின்றன, கோயில் இருக்கிறது, கோயிலுக்குப் போகும் பாதையில் சிறு கடைகள் இருக்கின்றன. 2022இல் கோயில் சூழலின் எல்லையும் அந்தக் கடைகளும் நாடெங்கும் பேசப்பட்ட பிணக்காயின. கோட்டையை விட்டு இறங்கினால் நகரத்தின் தெருக்கள். துறைமுகப் பக்கம் திரும்பினால் கடற்படையின் வேலி. சீனக்குடாவில் விமானப்படைத் தளமும், இரண்டாம் உலகப் போர்க்காலத்து எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் பற்றைக்காடும். காணி உறுதிக்காகவும் எல்லைக்கல்லுக்காகவும் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய மக்கள் இவற்றுக்கிடையே வாழ்கிறார்கள். மான்கள் இந்த எல்லைகள் அனைத்தையும் ஒரே இரவில் கடந்துவிடுகின்றன.

அப்படியானால் வளவுக்குள் விழுந்த கொம்பு வளவுக்காரருடையதா?

வேலி தாண்டி வருவதைப் பற்றிய வழக்கு தமிழருக்குப் புதிதல்ல. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த யாழ்ப்பாணத் தேசவழமை, அயல் காணிக்குள் சாயும் மரத்தின் பலன் யாருக்கு என்பதைக்கூடப் பேசுகிறது. ஆனால் மரத்துக்கு நட்டவர் ஒருவர் உண்டு. வேரூன்றிய இடம் ஒன்று உண்டு. மானுக்கு இரண்டும் இல்லை. இலங்கையின் பொதுச் சட்டமான உரோமன் ஒல்லாந்தச் சட்டத்தின் பழைய நெறி வேறொன்று சொல்கிறது: காட்டு விலங்கு எவருக்கும் உடைமையல்ல, பிடித்தவருக்கே அது சேரும், காணிக்காரர் தன் நிலத்துக்குள் நுழைவதைத் தடுக்கலாம், ஆனால் அங்கே திரிகிறது என்பதாலேயே விலங்கு அவருடையதாகிவிடாது. இந்த நியாயத்தை உதிர்ந்த கொம்புக்கு நீட்டினால், வேலிக்குள் விழுந்ததும் வளவுக்காரருக்குத் தானாக உரித்தாவதில்லை. வேலி பாய்ந்து எடுத்தவரும் நுழைந்த குற்றத்திலிருந்து தப்புவதில்லை. அயலவரின் வளவுக்குள் கேட்காமல் கால் வைப்பது, உள்ளே கிடப்பது தேங்காயானாலும் கொம்பானாலும், முறையல்ல. படலையில் நின்று கூப்பிட்டுக் கேட்பதுதான் ஊர் வழக்கம். முகாம் வேலியருகே அது வெறும் மரியாதைப் பிரச்சினையாகவும் இருக்காது. காவலில் நிற்கும் சிப்பாய்க்கு, இருட்டில் புல்லுக்குள் குனிந்து தேடும் உருவம் என்ன தேடுகிறது என்று தெரியாது.

எனினும் அனுமதி கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது இந்த விடயத்தின் சிறிய பாதியை மட்டும் பார்ப்பதாகும். வேலிக்கு மேலாக இன்னொரு எல்லை இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதன் பின்வந்த திருத்தங்களும், காட்டு விலங்கைத் தனியார் விருப்பத்துக்கு விட்டுவைக்கவில்லை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியின்றிக் காட்டு விலங்கின் எந்தப் பகுதியையும் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. அந்தச் சட்டத்தில் சரணாலயம் என்ற வகையை இங்கே குறிப்பிட்டே ஆக வேண்டும். தேசியப் பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் அடங்கலாம். உறுதி தனியாரிடம் இருக்கும், அந்த மண்ணில் நடமாடும் விலங்குக்கோ சட்டத்தின் காவல் இருக்கும். திருகோணமலைக்கு அருகே நேவல் ஹெட்வர்க்ஸ் சரணாலயம் 1963இல் அறிவிக்கப்பட்டது. துறைமுகத்துக்குள்ளேயே இருக்கும் பெரிய, சிறிய சோபர் தீவுகளும் அதே ஆண்டில் சரணாலயங்களாயின. காணிக்காரரின் உரிமையும் விலங்கின் உரிமையும் ஒரே மண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கலாம் என்பதை இந்த மாவட்டம் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்தே வந்திருக்கிறது.

இந்தியச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொம்பை வேட்டைப் பொருளின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட பொருள் அரசின் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். சென்னையில் கிண்டி தேசியப் பூங்காவும் ஆளுநர் மாளிகையும் ஐஐடி வளாகமும் ஒட்டியொட்டிக் கிடக்கின்றன. புள்ளிமான் மூன்றிலும் உண்டு. விடுதி வாசலில் ஒரு மாணவர் கண்டெடுக்கும் கொம்பு மாணவருடையதுமல்ல, நிறுவனத்துடையதுமல்ல.

செத்த எலும்புக்கு இத்தனை கடுமை எதற்கு என்று தோன்றலாம். விடை சந்தையில் இருக்கிறது.

இங்கிலாந்தின் செபீல்ட் நகரக் கத்திப் பட்டறைகள் நெடுங்காலம் தெற்காசிய மரைக் கொம்பால் கைப்பிடி செய்தன. மரைக் கொம்பு உள்ளே அடர்த்தியானது, எளிதில் வெடிக்காது, கையில் வழுக்காது. மரையும் புள்ளிமானும் உதிர்த்த கொம்பைக் காட்டோர மக்கள் பொறுக்கி விற்றார்கள், கப்பலேறியது. இந்தியா 1990களின் இறுதியில் அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. காரணத்தை ஒரு கொம்பைக் கையில் எடுத்தாலே விளங்கிக்கொள்ளலாம். தானாக உதிர்ந்த கொம்பின் அடி கரடுமுரடாகச் சற்றுப் பிதுங்கி, சுற்றிலும் மணிமணியான விளிம்போடு இருக்கும். கொன்ற மானின் கொம்பில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கும், அல்லது வாளால் அறுத்த தட்டையான வெட்டு தெரியும். பழகிய கண்ணுக்கு வேறுபாடு உடனே தெரியும். ஆனால் அறுத்துச் சீவி, மெருகேற்றிக் கைப்பிடியாக்கிய பின்போ, இடித்துப் பொடியாக்கிய பின்போ, எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. உதிர்ந்ததை மட்டும்தான் வாங்குவோம் என்ற வியாபாரம் தன் வாக்கைத் தானே சோதித்துப் பார்க்க முடியாத வியாபாரம். சித்த மருத்துவத்தின் சிருங்கி பற்பத்துக்கும் மான்கொம்புதான் மூலப்பொருள். நெஞ்சு வலிக்கு அதை நம்பி உட்கொண்டவர்கள் பல தலைமுறையினர். மருந்து என்பதால் வாங்குபவரின் நோக்கம் தூயதாக இருக்கலாம். பொடியான கொம்பு எந்த மானுடையது, அது எப்படி இறந்தது என்பதை அந்தத் தூய்மை மாற்றாது.

இலங்கைக்கு இந்தப் பாடம் முன்பே கிடைத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்தோலும் மான்கொம்பும் தீவிலிருந்து வெளியேறிய சரக்குகள். சாமுவேல் பேக்கர் போன்ற துரைமார் விளையாட்டுக்காகச் சுட்டார்கள். அவர் தன் வேட்டையை ஒரு நூலாகவே எழுதினார். அதைவிடப் பேரழிவைச் செய்தது வியாபாரம். வறட்சியில் குளத்தோரம் கூடும் மான்களைத் தோலுக்காகவும் வற்றலுக்காகவும் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். 1894இல் இலங்கையில் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்களே சந்தையைக் கண்டு அஞ்சினார்கள். வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் என்று இன்று அறியப்படுவது அதன் தொடர்ச்சிதான்.

கோட்டை மானுக்கு வருவோம். காட்டுப் புள்ளிமானுக்கு ஒரு காவல் உண்டு: பயம். கோட்டை மானிடம் அது இல்லை. பழம் நீட்டும் கையும் கல்லெறியும் கையும் அதற்கு ஒன்றே. இந்த ஊரில் மான்கொம்புக்கு ஒரு விலை ஏற்பட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்க அதிகம் தேவையில்லை. தளர்ந்த கொம்போடு நிற்கும் கலைமானைத் துரத்தி மரத்தில் மோதவிடுவது எளிது. இரவில் கடற்கரையில் படுத்திருக்கும் ஒன்றைக் கொல்வதும் எளிது. உல்லாசப் பயணி ஒருவர் கடையில் காசு கொடுத்து வாங்கும் ஒரு சோடிக் கொம்பு, அவர் அறியாமலேயே அதற்கு முதல் அச்சாரமாகிவிடும். கண்டெடுப்பவரைவிட வாங்குபவரிடமே பெரும்பங்கு பொறுப்பு இருக்கிறது. இதை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

கொம்பை அப்படியே விட்டால் வீணாகப் போகிறதே என்ற கவலையும் உண்டு. வீணாவதில்லை. முள்ளம்பன்றி எலும்பையும் கொம்பையும் கறண்டித் தின்னும், எலியினங்களும் தின்னும். மான்களே தின்னும். இதை ஆராய்ந்த முக்கியமான கட்டுரைகளில் ஒன்று இலங்கையில் பிறந்தது. சிரில் பரெட் என்ற கனடிய விலங்கியலாளர் வில்பத்துவில் புள்ளிமான்களைக் கவனித்து, அவை கொம்பு மெல்லுவதையும் கொம்பு வளர்ச்சியையும் பற்றி 1985இல் எழுதினார். மேய்ச்சலில் குறைகிற சுண்ணாம்பையும் பொசுபரசையும் விழுந்த கொம்பிலிருந்து ஈடுசெய்யும் முயற்சி அது. மண்ணிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து மானின் தலைக்கும் ஏறிய சத்து மறுபடி மானுக்கும் மண்ணுக்கும் திரும்புகிறது. சுவரில் மாட்டிய கொம்போடு அந்தச் சுற்று அறுந்துவிடுகிறது. ஒரு கொம்பால் காடு கெட்டுவிடாது, உண்மைதான். ஆனால் திருகோணமலைக் கூட்டம் காட்டில் மேயவில்லை. தெருவோரக் குப்பையைக் கிளறி, உப்பும் எண்ணெயும் ஊறிய சாப்பாட்டுத் தாளையும் பொலித்தீனையும் விழுங்குகிறது. அதற்கு எஞ்சியிருக்கும் நல்ல உணவுகளில் உதிர்ந்த கொம்பும் ஒன்று.

யப்பானின் நாரா நகரம் இந்த விடயத்தில் திருகோணமலைக்கு உடன்பிறப்பு. அங்கும் ஒரு வழிபாட்டிடம், கசுகா ஆலயம். அங்கும் தெருவில் திரியும் மான்கள். 1957இல் அவை இயற்கைச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து ஆண்டுதோறும் கலைமான்களைப் பிடித்துக் கொம்பறுக்கும் சடங்கு நடக்கிறது. தோல் உரிந்து காய்ந்த கொம்பில் உணர்வில்லை என்பதால் மானுக்கு வலிக்காது. அறுத்த கொம்பைத் தெய்வத்துக்குப் படைக்கிறார்கள். மனிதரை மான் குத்தாமலும், கலைமான்கள் ஒன்றையொன்று காயப்படுத்தாமலும் இருக்கச் செய்யும் ஏற்பாடு இது. இத்தனை கவனம் இருந்தும், 2019இல் அங்கே சில மாதங்களுக்குள் இறந்த 14 மான்களில் 9இன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஒன்றில் மட்டும் 4.3 கிலோ.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே குளிர்காலத்தின் கடைசியில் பட்டினியால் மெலிந்து நிற்கும் மான்களைக் கொம்பு பொறுக்குபவர்கள் கலைத்துவிடுவதால், மாநிலத்தின் மேற்குப் பகுதியிலுள்ள பொது நிலங்களில் சனவரி முதலாம் திகதி முதல் ஏப்ரல் கடைசி வரை பொறுக்கத் தடை. ஜாக்சன் ஊரை ஒட்டிய தேசிய எல்க் புகலிடத்தில் விழும் கொம்புகளைச் சாரணர் சிறுவர்கள் சேகரித்து 1968 முதல் ஏலம் விடுகிறார்கள். வருமானத்தில் 75 வீதம் புகலிடத்துக்கே திரும்புகிறது. பக்கத்து யூட்டாவில், ஆண்டின் முற்பகுதியில் பொறுக்கப் போக விரும்புபவர் இணையத்தில் ஒரு நெறிமுறைப் பாடத்தை முடித்திருக்க வேண்டும். தனியார் காணியில் அனுமதி கேட்பதும் அதில் அடங்கும். திறந்த மலைவெளிக்கு இது பொருந்தலாம். திருகோணமலைக்கு ஏலம் பொருந்தாது. ஏலம் விலையைக் கற்பிக்கும். பயமறியா மான்கள் திரியும் ஊரில் அந்தக் கல்வி ஆபத்தானது.

இங்கே செய்யக்கூடியது எளிமையானது. கோட்டைப் புல்லில், மக்கள் கால் படாத இடத்தில் கிடக்கும் கொம்பு அங்கேயே கிடக்கட்டும். தெருவிலோ பிள்ளைகள் விளையாடும் இடத்திலோ கிடந்தால் எடுத்து வனசீவராசிகள் திணைக்களத்திடம் ஒப்படைக்கலாம். வளவுக்குள் விழுந்ததை வளவுக்காரரும் அவ்வாறே செய்யலாம். நெடுநாளாகச் சுவரில் தொங்கும் பழைய கொம்பை விற்காமலும் கைமாற்றாமலும் இருந்தாலே அது ஒரு நல்ல காரியம். திணைக்களமும் கோயிலும் முகாமும் உள்ளூராட்சி மன்றமும் சேர்ந்து, அப்படி வந்த கொம்புகளைக் கோட்டைக்குள் ஒரு சிறு அறையில் வைத்தால், யாத்திரை வரும் பாடசாலைப் பிள்ளைகள் கையால் தொட்டு, உதிர்ந்த அடியையும் அறுத்த அடியையும் பிரித்தறியக் கற்பார்கள். கொம்பொன்றைத் தொட்டுப் பார்க்க எந்தக் கடைக்கும் போக வேண்டியிருக்காது. கோயில் தெருக் கடைக்காரர்களே இதற்கு முதல் துணை. மான்களை நாள் முழுவதும் பார்ப்பவர்கள் அவர்கள். எந்தக் கலைமான் அண்மையில் கொம்பு விட்டது, எது நொண்டுகிறது என்பதை அதிகாரிக்கு முன்பே அறிபவர்களும் அவர்களே.

கொம்பில் கயிறோ மீன்வலைத் துண்டோ பொலித்தீனோ சுற்றிக்கொண்ட கலைமானைக் கண்டால், பிடித்து இழுத்துக் கழற்ற முயல வேண்டாம். மென்தோல் கொம்பு முறிந்தால் இரத்தம் நிற்காமல் போகும். முற்றிய கொம்போ இழுப்பவரின் வயிற்றைக் கிழிக்கும். திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.